பழைய கம்ப்யூட்டர் ஊர்கிறதா? எங்கே அடைத்திருக்கிறது என்று பார்ப்போம்

போன மாதம் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் துணிப்பையில் மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்தாள். அவளுடைய அக்கா பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அரசு கொடுத்தது. 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். அக்கா கல்யாணமாகிப் போனபின் பீரோவுக்கு மேலே கிடந்ததை, போட்டித் தேர்வுக்குப் படிக்க இவள் எடுத்திருக்கிறாள். “கடையில ஃபார்மட் அடிச்சுக் கொடுத்தாங்கண்ணா. பத்து நாள் நல்லா இருந்துச்சு. மறுபடியும் அதே கதை. பழசாயிடுச்சு, புதுசு வாங்கிக்கோன்னு சொல்லிட்டாங்க” என்றாள்.

புதிது வாங்கும் வசதி அவர்களுக்கு இல்லை. பழையதே இப்போது அவள் மேசையில் நன்றாக ஓடுகிறது. அதில் செய்ததையும், இதுபோல வந்த மற்ற இயந்திரங்களில் செய்ததையும் அறிகுறி வாரியாகச் சொல்கிறேன்.

கம்ப்யூட்டரின் மூளையான செயலி (சிபியு) வயதாக ஆகச் சோர்ந்துபோவதில்லை. வாங்கிய அன்று நொடிக்கு எத்தனை கணக்குப் போட்டதோ, சூடு ஏறாமல் பார்த்துக்கொண்டால் இன்றும் அத்தனை போடும். அப்படியும் ஊர்கிறது என்றால் ஏதோ ஓரிடத்தில் அடைத்துக்கொண்டிருக்கிறது. அது எங்கே என்று பார்க்காமல் ஃபார்மட் அடித்தால், அடைப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். பத்து நாளில் திரும்ப வரும்.

முதலில் இரண்டு நிமிடம் பாருங்கள்

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். சிறிய பெட்டியாக வந்தால் கீழே உள்ள ‘மோர் டீடெயில்ஸ்’ஐ அழுத்துங்கள். சிபியு, மெமரி, டிஸ்க் என்று மூன்று பத்திகள் தெரியும். கம்ப்யூட்டர் திணறிக்கொண்டிருக்கும்போதே இதைப் பார்க்க வேண்டும். எல்லாம் அடங்கிய பிறகு பார்த்தால் எல்லாமே சாதுவாகத்தான் இருக்கும்.

டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்று, மெமரி 60, 70 என்று இருந்தால் ஹார்ட் டிஸ்க்தான் அடைப்பு. மெமரி (அதுதான் ராம்) 90-ஐத் தாண்டி, டிஸ்க்கும் கூடவே 100-இல் நின்றால் ராம் போதவில்லை; டிஸ்க் அதற்காகத்தான் அல்லாடுகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் தவறான பொருளை வாங்கிவிடுகிறார்கள். சிபியு 100 என்றால் எந்த நிரல் என்று பட்டியலிலேயே தெரியும். மூன்றுமே குறைவாக இருந்தும் திணறினால் சூட்டைச் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று உண்டு. ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உட்கரு முழுதாக மூடாது. டிஸ்க்கில் சேமித்து வைத்து மறுநாள் அதையே எடுத்துக்கொள்ளும். தினமும் அணைத்து வைக்கிற மடிக்கணினியில் ‘அப்டைம்’ (தொடர்ந்து ஓடிய நேரம்) பார்த்தால் இருபது நாள் என்று காட்டுவது இதனால்தான். வேறு எதையும் தொடும் முன் ஒருமுறை ‘ரீஸ்டார்ட்’ கொடுத்துப் பாருங்கள். சில நேரம் அதோடு முடிந்துவிடும்.

ஆன் செய்து ஐந்து நிமிடமாகியும் எதுவும் திறக்கவில்லை, டிஸ்க் 100-இல் நிற்கிறது

பழைய மடிக்கணினிகளில் இதுதான் முதல் தொல்லை. உள்ளே இருப்பது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் ஹார்ட் டிஸ்க். அதாவது நொடிக்கு 90 சுற்று. ஒரு கோப்பை எடுக்க, முள் அந்த வட்டத்துக்கு நகர வேண்டும், பிறகு தகடு சுழன்று அந்த இடம் முள்ளுக்குக் கீழே வர வேண்டும். இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கச் சொன்னால் நொடிக்கு நூறு முறைகூடப் படிக்க முடியாது. விண்டோஸ் எழுந்திருக்கும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி என்ற சேமிப்புக் கருவியில் சுற்றுகிற தகடும் இல்லை, நகர்கிற முள்ளும் இல்லை. சாதாரண சாட்டா எஸ்எஸ்டிகூட நொடிக்குப் பல்லாயிரம் முறை படித்துக் கொடுத்துவிடும்.

ஆனால் உடனே வாங்க ஓடாதீர்கள். முதலில் இருக்கிற டிஸ்க் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸுக்கு ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ்; அதில் ‘டிஸ்க்ஸ்’ என்ற கருவியிலேயே ஸ்மார்ட் விவரம், அதாவது டிஸ்க் தன் நலம் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பு, கிடைக்கும். அதில் ‘ரீஅலோகேட்டட் செக்டார்’, ‘கரன்ட் பெண்டிங் செக்டார்’ என்ற இரண்டு வரிகளைத் தேடுங்கள். இரண்டும் பூஜ்யமாக இருப்பதுதான் நல்லது. மஞ்சள் வட்டத்தோடு எச்சரிக்கை வந்தால், டிஸ்க் சில இடங்களைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று பொருள். ஒரே இடத்தில் பல நொடி நின்றுவிடுவது இதனால்தான். உள்ளிருந்து ‘டிக், டிக்’ என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் இன்னும் மோசம். அந்த நிலையில் வேகத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். குடும்பப் படங்கள், சான்றிதழ் ஸ்கேன்கள், ரெஸ்யூம் எல்லாவற்றையும் அன்றைக்கே பென்டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டு, குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களை இழந்த ஒரு தகப்பனை நான் பார்த்திருக்கிறேன். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

டிஸ்க் நலம் என்றால் செலவில்லாத வேலைகளை முதலில் செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்அப்’ பகுதிக்குப் போய், கூடவே எழுந்திருக்கும் நிரல்களை முடக்குங்கள். பிரிண்டர் உதவியாளர், அரட்டை நிரல்கள், அப்டேட் பார்க்கும் குட்டி நிரல்கள் எல்லாம் நீங்கள் கூப்பிடும்போது வந்தால் போதும். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். ஒரு கோப்பைத் திறந்தால் இரண்டும் வரிசையில் நின்று சோதிக்கும். சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். ‘டிஸ்க் கிளீனப்’பில் சிஸ்டம் கோப்புகளையும் சேர்த்துத் தேடினால், பழைய விண்டோஸின் மிச்சம் பல ஜிபி கிடைப்பதுண்டு. இவ்வளவுக்குப் பிறகும் ஹார்ட் டிஸ்க் சும்மா இருக்கும்போதே 100-இல் நின்றால், ‘சர்வீசஸ்’ பட்டியலில் ‘சிஸ்மெய்ன்’ (அடிக்கடி திறக்கும் நிரல்களை முன்கூட்டியே ராமில் ஏற்றி வைக்கும் சேவை) என்பதை நிறுத்தி இரண்டு நாள் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் திரும்பவும் ஓடவிடுங்கள்.

இதெல்லாம் ஐந்து நிமிடத்தை மூன்றரை ஆக்கும். அரை நிமிடம் ஆக்க எஸ்எஸ்டிதான் வேண்டும். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஏறக்குறைய எல்லாப் பழைய மடிக்கணினியிலும் ஹார்ட் டிஸ்க் இருந்த அதே இடத்தில் உட்காரும். படிக்கவும் எழுதவும் இணையத்துக்கும் என்றால் 240 ஜிபி தாராளம். மாட்டும் முன் பயாஸில் (ஆன் செய்தவுடன், விண்டோஸ் எழும் முன் திறக்கும் அமைப்புத் திரை) டிஸ்க்கை இணைக்கும் சாட்டா முறை ‘ஏஹெச்சிஐ’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘ஐடிஇ’ என்று இருந்தால் எஸ்எஸ்டியின் முழு வேகமும் கிடைக்காது. ஏற்கெனவே நிறுவிய விண்டோஸில் இதைச் சட்டென்று மாற்றினால் நீலத் திரைதான் வரும். ஆகவே புதிதாக ஓஎஸ் (இயங்குதளம்) போடும் முன்பே மாற்றிவிடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கையும் எறிய வேண்டாம். டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேடி என்ற சட்டத்தில் வைத்து மாட்டலாம். கேடி 9.5, 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமனில் வரும். டிவிடி டிரைவை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

நாலு டேப் திறந்தால் உறைந்துவிடுகிறது

ராம் என்பது சமையல் மேடை, டிஸ்க் என்பது பரண். மேடையில் இடம் இருக்கும் வரை வேலை ஓடும். நிரம்பிவிட்டால், ஒரு பாத்திரத்தைப் பரணில் ஏற்றி வைத்துவிட்டுத்தான் இன்னொன்றை இறக்க முடியும். நீங்கள் ஒரு டேப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நடப்பது இதுதான். விண்டோஸில் இந்தப் பரணுக்குப் பெயர் பேஜ் ஃபைல், லினக்ஸில் ஸ்வாப். மவுஸ் அம்புக்குறிகூட நகராமல் நின்று, டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் எரிந்தால் ஏற்றி இறக்கும் வேலைதான் நடக்கிறது. அந்த நேரத்தில் பத்து முறை கிளிக் செய்யாதீர்கள். அதுவும் வரிசையில் சேரும்.

மேடையை நிரப்புவது பெரும்பாலும் பிரவுசர்தான். குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் சேர்த்து அழுத்தினால் அதற்கே ஒரு டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்த டேப் எத்தனை எம்பி தின்கிறது என்று தெரியும். மின்னஞ்சல் ஒன்று, வீடியோ தளம் ஒன்று, விளம்பரம் நிறைந்த செய்தித் தளம் ஒன்று என்று மூன்று திறந்தாலே 1 ஜிபியை நெருங்குவதை நீங்களே பார்க்கலாம். குரோமின் அமைப்புகளில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ‘மெமரி சேவர்’ இருக்கிறது. அதை இயக்கினால் சிறிது நேரம் தொடாத டேப்களை ராமிலிருந்து இறக்கிவிடும். திரும்பப் போகும்போது மறுபடி ஏற்றும். படிவம் நிரப்பும் தளங்களை மட்டும் அதன் விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். பாதி நிரப்பிய விண்ணப்பம் போய்விட்டால் மனசு விட்டுப்போகும். விளம்பரத் தடுப்பு நீட்சி (எக்ஸ்டென்ஷன்) ஒன்று போட்டாலே பழைய கம்ப்யூட்டரில் பெரிய வித்தியாசம் தெரியும். ஃபயர்ஃபாக்ஸில் ‘யூபிளாக் ஆரிஜின்’ நன்றாக வேலை செய்கிறது. மற்ற நீட்சிகளில் உபயோகிக்காததை எல்லாம் நீக்குங்கள்.

ஒரே கிளிக்கில் ராமைக் காலி செய்வதாகச் சொல்லும் மென்பொருள்களைப் போடாதீர்கள். அவை செய்வது, ஓடும் நிரல்களின் தரவைக் கட்டாயமாக ராமிலிருந்து தள்ளுவது. எண் குறைந்ததுபோல் தெரியும். அடுத்த நொடியே அந்த நிரல் தன் பொருளைத் திரும்பக் கேட்கும், டிஸ்க் மறுபடி ஓடும். விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் மென்பொருளும் வேண்டாம். அதனால் வேகம் கூடி நான் பார்த்ததே இல்லை. ஏதாவது உடைந்து பார்த்திருக்கிறேன். பேஜ் ஃபைலை நிறுத்தினால் வேகம் வரும் என்றும் சிலர் சொல்வார்கள். ராம் குறைந்த இயந்திரத்தில் அதைச் செய்தால், மேடை நிரம்பியதும் பரணும் இல்லாமல் நிரல்கள் பட்டென்று மூடிக்கொள்ளும். ஸ்வாப் எழுதி எழுதி எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்ற பயமும் வீட்டு உபயோகத்தில் தேவையில்லை.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது: ஸீராம். நிரம்பியதைப் பரணுக்கு அனுப்பாமல், மேடையிலேயே அமுக்கிச் சுருட்டி வைக்கும் ஏற்பாடு. துணியை மடித்து அடுக்கினால் அதே அலமாரியில் இரண்டு பங்கு கொள்ளுமே, அதுபோல. சாதாரணத் தரவு பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். சுருக்கவும் விரிக்கவும் செயலிக்குச் சிறு வேலைதான், ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்வருவதைவிடப் பல மடங்கு வேகம். 2014 முதல் லினக்ஸின் உட்கருவிலேயே (கெர்னல்) இருக்கிறது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஃபெடோரா 2020 முதல் தானாகவே இயக்கித் தருகிறது. மின்ட், டெபியன் என்ற வகைகளில் சாஃப்ட்வேர் மேனேஜரில் ‘ஸீராம் டூல்ஸ்’ என்பதை நிறுவி, அளவை ராமில் 50 சதவீதம் என்று மாற்றி, ரீஸ்டார்ட் செய்தால் போதும். கூடவே ‘எர்லிஊம்’ என்ற குட்டி நிரலையும் போடுங்கள். ராமும் ஸ்வாப்பும் தீரும் நேரத்தில், கம்ப்யூட்டர் முழுதாக உறையும் முன், அதிகம் தின்னும் நிரலை அது மூடிவிடும். ஒரு டேப் போகும். மற்ற வேலை பிழைக்கும். விண்டோஸ் 10-இலும் இதேபோல் நினைவகத்தைச் சுருக்கும் ஏற்பாடு தானாக நடக்கிறது. நீங்கள் செய்ய ஒன்றுமில்லை.

புது ராம் போட்டேன்: திரையே வரவில்லை, அல்லது முழு அளவு காட்டவில்லை

வாங்கும் முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: ராமின் வகை டிடிஆர்2-ஆ, 3-ஆ, 4-ஆ, ராம் செருகும் ஸ்லாட் எத்தனை, மதர்போர்டு அதிகபட்சம் எவ்வளவு எடுக்கும். ‘சிபியு-இசட்’ என்ற இலவச மென்பொருளில் முதலிரண்டும் தெரியும். மூன்றாவதுக்கு மாடல் எண்ணை வைத்துத் தேடுங்கள். டிடிஆர்3 வகையில் ஒரு சிக்கல் உண்டு. 1.5 வோல்ட் டிடிஆர்3, 1.35 வோல்ட் டிடிஆர்3எல் என்று இரண்டு இருக்கின்றன. எல் வகையைப் பொதுவாகப் பழைய 1.5 வோல்ட் போர்டிலும் போடலாம். ஆனால் 2013-க்குப் பிறகு வந்த பல மெல்லிய மடிக்கணினிகள் 1.35 மட்டுமே கொடுக்கும், அதில் 1.5 வோல்ட் ராம் போட்டால் திரை வராது. சந்தேகம் இருந்தால் எல் என்று கேட்டு வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் பழைய ராம்கூட வாங்கலாம். உங்கள் மடிக்கணினியைக் கையோடு கொண்டுபோய், அங்கேயே மாட்டி ஆன் செய்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

திரை வரவில்லை, பீப் பீப் என்று மட்டும் அடிக்கிறது என்றால் பயப்பட வேண்டாம். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள்; மிச்ச மின்சாரம் போய்விடும். பின்மூடியைத் திறந்தால் ராமின் இரண்டு பக்கமும் சின்ன உலோகக் கொக்கிகள் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் வெளிப்பக்கம் தள்ளினால் ராம் தானாகச் சாய்வாக எழும்பும். அதை விளிம்பில் பிடித்து இழுங்கள். அடியில் தங்க நிறப் பட்டைகள் வரிசையாக இருக்கும்; பல வருடம் ஆனதில் மங்கலாகப் படிந்திருக்கும். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால், மேலிருந்து கீழாக ஒரே திசையில், இரண்டு பக்கமும் மெதுவாகத் தேயுங்கள். பட்டைகள் பளிச்சென்று வரும். ரப்பர் தூள் ஒன்றுகூட ஒட்டியிருக்கக் கூடாது. மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஸ்லாட்டையும் அதே பிரஷ்ஷால் துடைத்து, ராமை முப்பது டிகிரி சாய்வில் செருகி, தங்கப் பட்டை ஏறக்குறைய மறையும்வரை தள்ளி, பிறகு கீழே அமுக்குங்கள். ‘க்ளிக்’ என்று கொக்கி பிடிக்கும் சத்தம் கேட்க வேண்டும். மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லி என்னிடம் வந்தவற்றில் பல, இந்த ரப்பர் வேலையிலேயே எழுந்திருக்கின்றன.

4 ஜிபி போட்டும் 3 சொச்சம்தான் காட்டுகிறது என்றால் ஓஎஸ் 32 பிட்டாக இருக்கலாம்; 64 பிட் போட்டால் சரியாகும். கிராஃபிக்ஸ் தனியாக இல்லாத மடிக்கணினிகளில் அதற்கென்று ஒரு பங்கு ஒதுக்குவதும் உண்டு, அது இயல்பு. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பு 2 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் எடுத்துக்கொள்ளாது. அந்தப் பெண்ணின் மடிக்கணினியில் இன்னொரு 2 ஜிபி சேர்த்து 4 ஆக்கினேன்.

ராமா, எஸ்எஸ்டியா, ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால்? 4 ஜிபி ஏற்கெனவே இருந்தால் யோசிக்காமல் எஸ்எஸ்டி. 2 ஜிபிதான் இருக்கிறது என்றால் முதலில் ராம்.

ஆரம்பத்தில் நன்றாக ஓடுகிறது, இருபது நிமிடத்தில் தவழ ஆரம்பிக்கிறது

இது சூடு. செயலி 95, 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் சிபியு பகுதியில் ‘ஸ்பீட்’ என்ற எண்ணைப் பாருங்கள். 2.1 கிகாஹெர்ட்ஸ் செயலி கனமான வேலையின் நடுவில் 0.8-இல் நின்றால் உறுதி. விசிறி இரைச்சல், பக்கவாட்டுத் துளையில் காற்று வராமை, மெத்தை மேல் வைத்தால் இன்னும் மோசமாவது, எல்லாம் கூடவே இருக்கும்.

திறந்து பார்த்தால் விசிறியின் இறக்கைகள் ஓரளவு சுத்தமாகவே இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. விசிறிக்கும் செப்புத் தகட்டு வரிசைக்கும் நடுவில்தான் விஷயம். விசிறியின் மூன்று திருகாணிகளைக் கழற்றித் தூக்கியபோது, அந்தப் பெண்ணின் மடிக்கணினியில் அங்கே விளக்குத் திரியைத் தட்டையாக அமுக்கியதுபோல் சாம்பல் நிறப் பட்டை ஒன்று தகடுகளை முழுதாக மூடியிருந்தது. பின்செட் இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக வந்தது. பல வருடத் தூசி, தலைமுடி, போர்வைப் பஞ்சு. காற்று ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுழன்றால் அதன் பேரிங் கெடும்.

செயலியின் சூட்டை மேலே உள்ள ஹீட் சிங்க் என்ற உலோகத் தகட்டுக்குக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றிவிடுங்கள். பழையது காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, செயலியின் நடுவில் ஒரு அரிசி அளவு வைத்தால் போதும். ஹீட் சிங்க் திருகாணிகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்கள். மாட்டும்போது அந்த வரிசை, கழற்றும்போது தலைகீழ்.

சார்ஜர் போட்டிருந்தாலும் எப்போதும் மந்தம்

சூடும் இல்லை, ஆனால் ஸ்பீட் 0.8-ஐத் தாண்டவே இல்லை என்றால் சார்ஜரைப் பாருங்கள். சில மடிக்கணினிகள் தனக்குரிய சார்ஜர் இல்லை என்று தெரிந்தால், அல்லது சார்ஜரின் வாட் குறைவாக இருந்தால், செயலியை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டும். சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டினால் வேகம் வருகிறதா என்று சோதியுங்கள். பவர் பிளான் ‘பவர் சேவர்’ என்று மாட்டிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை, பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது

மூலையில் தேதியைப் பாருங்கள். 2012 என்று காட்டினால், போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தவறாக இருந்தால் தளங்களின் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் மறுத்துவிடும். அதை மாற்றுங்கள், பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட்.

வீடியோ மட்டும் திக்குகிறது

யூடியூப் இப்போது வீடியோக்களை விபி9, ஏவி1 வடிவங்களில் அனுப்பவே பார்க்கும். 2011 காலத்து இன்டெல் கிராஃபிக்ஸுக்கு ஹெச்.264 என்ற பழைய வடிவத்தைச் சொந்தமாக விரிக்கத் தெரியும், இந்த இரண்டும் தெரியாது. இவற்றைச் செயலி தன் தலையில் போட்டுக்கொண்டு திணறும். ‘ஹெச்264ஃபை’ என்ற பிரவுசர் நீட்சியைப் போட்டால் யூடியூப் ஹெச்.264-ஐயே அனுப்பும். அப்படியும் திக்கினால் 480பி தரத்துக்கு இறங்குங்கள். வகுப்புப் பாடம் பார்க்க அது போதும். கரும்பலகை எழுத்து தெளிவாகவே தெரியும்.

எல்லாம் செய்தும் விண்டோஸ் கனமாகவே இருக்கிறது

விண்டோஸ் 7-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபியும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும், பத்து வருடத்துக்கு மேலான மடிக்கணினி அதிகாரபூர்வமாகத் தேறாது. ஆகவே இணையத்தில் வங்கி வேலை, தேர்வு விண்ணப்பம் எல்லாம் செய்கிற பழைய இயந்திரத்துக்கு லினக்ஸைத்தான் நான் மனதாரச் சொல்வேன்.

4 ஜிபி இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. விண்டோஸில் பழகியவர்கள் அரை மணி நேரத்தில் பழகிவிடுவார்கள். 2 ஜிபியிலும் ஓடும், ஆனால் பிரவுசர் திறந்ததும் இழுக்கும். 2 ஜிபி, 1 ஜிபி இயந்திரங்களுக்கு ஆன்டிஎக்ஸ் என்ற இலகுவான லினக்ஸ் நல்லது. திறந்து வைத்தவுடன் அது எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 200 எம்பிதான், மீதியெல்லாம் உங்கள் வேலைக்கு. 32 பிட் செயலி என்றால் வழி குறுகிக்கொண்டே வருகிறது: மின்ட்டின் முதன்மைப் பதிப்பு 2020-இலும், டெபியன் 2025-இல் வந்த 13-ஆம் பதிப்பிலும் 32 பிட் நிறுவலைக் கைவிட்டுவிட்டன. முதலில் பென்டிரைவில் இருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மூடியை மூடித் திறந்தால் எழுந்திருக்கிறதா என்று மூன்றையும் பார்த்துவிட்டு நிறுவுங்கள்.

தமிழ் எழுத என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். லினக்ஸில் பல மொழிகளில் எழுத உதவும் நிரல்களான ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸில் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை, தட்டச்சு முறை, ஒலிபெயர்ப்பு எல்லாமே கிடைக்கும். அந்தப் பெண்ணுக்கு இதைச் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் லினக்ஸ் என்ற சொல்லின் மேல் இருந்த பயம் போனது.

இதற்குச் செலவு செய்யலாமா என்று தெரியவில்லை

இன்டெல்லின் ‘ஆட்டம்’ செயலி போட்ட பழைய நெட்புக்குகளில் (சின்ன மடிக்கணினிகள்) பலவற்றில் 2 ஜிபிக்கு மேல் ராம் ஏறாது. ராமும் 32 ஜிபி சேமிப்பும் போர்டிலேயே ஒட்டிய மலிவு மடிக்கணினிகளில் எதையும் மாற்ற முடியாது. விண்டோஸ் அப்டேட்டுக்கே இடம் போதாமல் தடுமாறும். இவற்றுக்குப் பொருள் வாங்கிப் போடாதீர்கள். ஆன்டிஎக்ஸ் மட்டும் போட்டு, ஒரே ஒரு வேலைக்கு வையுங்கள். என்னிடம் அப்படி ஒரு நெட்புக் இருக்கிறது. பிரவுசரை எடுத்துவிட்டு எழுதும் மென்பொருள் மட்டும் விட்டிருக்கிறேன். மாலையில் தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து அதில் தமிழ்99 பழகுகிறார்கள். பெரியவன் நேற்று ‘ஞ’ எந்த விசையில் இருக்கிறது என்று பார்க்காமலே அடித்துக் காட்டினான்.